செட்டும் பதினோராம் நிகண்டும்

ஆங்கிலத்தில் மிகுதியான பொருள்களைச் சுமக்கும் சொல் எது என்னும் வினாவுக்குச் சென்ற நூற்றாண்டின் இறுதி வரை ஒரே விடைதான் கூறப்பட்டு வந்தது. மூன்றே எழுத்துகளில் அடங்கும் ‘செட்’ என்பதே அவ்விடை. ஆக்சுபோர்டு ஆங்கிலப் பேரகராதியின் முதற் பகுதி 1884-இல் வெளிவந்து, 1928-இல் அப்பணி நிறைவெய்தியது. இருபது தொகுதிகளாக 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் ‘செட்’ என்னும் வினைச்சொல்லுக்கு மட்டும் ஏறத்தாழ 430 பொருள்கள் வகுக்கப்பட்டன. அவற்றை விளக்க ஏறக்குறைய 60,000 சொற்கள் தேவைப்பட்டன என்பர். ஒரு சிறு நூலின் அளவு அது. பின்னர் நடந்த திருத்தப் பணியில் ‘ரன்’ என்னும் வினை 645 பொருள்களோடு அதனை முந்திவிட்டதாக 2011-இல் செய்தி வந்தது. ஓடுதற்கென்றே பிறந்த சொல் முந்தியதில் வியப்பென்ன!

‘செட்’ என்பது உண்மையில் ஒரு சொல்லன்று, இரண்டு. ‘இரு’ என்னும் தன்வினைக்கு ‘இருத்து’ என்னும் பிறவினை அமைவது போல, ஆங்கிலத்தில் உட்காருதலைக் குறிக்கும் வினையின் பிறவினையாகப் பிறந்தது ஒன்று. பின்செல்வோர் கூட்டத்தைக் குறித்த இலத்தீன் சொல் பிரெஞ்சு மொழியின் வழியே வந்து பெயராக நின்றது மற்றொன்று. ஒலியால் ஒன்றுபட்ட இவ்விரண்டும் காலப்போக்கில் பொருளாலும் பின்னிப் பிணைந்தன. நம் மக்கள் கடன் வாங்கியது பெரும்பாலும் இரண்டாவதை. வாங்கியதோடு நில்லாமல் உகரம் சேர்த்துச் ‘செட்டு’ எனத் தமிழ் ஒலிமரபுக்கு இயைய மாற்றியும் கொண்டனர்.

சிறுவாச்சூரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் இச்சொல் படும் பாட்டைப் பாருங்கள். கிணற்றடியில் இருப்பது பம்புசெட்டு, சுருக்கமாகச் செட்டு. மதுரகாளியம்மன் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டுபவர் மைக்செட்டுக்காரர். நாதசுரமும் தவிலும் சேர்ந்தால் ஒரு செட்டு மேளம். உணவகத்தில் இரண்டோ மூன்றோ தோசை சேர்ந்தால் ஒரு செட்டு. பள்ளியில் உடன் பயின்றோர் ‘எங்கள் செட்டு’. சீட்டாடுவோர்க்குச் சேரவேண்டியதும் செட்டு. திரைப்படத்தார் மரத்தாலும் துணியாலும் எழுப்பும் மாளிகையும் செட்டு. மணமக்கள் பொருத்தமும் சட்டையின் அளவும் இன்று ‘செட்டாக’ வேண்டும்.

இத்தனைக்கும் இச்சொல் தமிழுக்கு முற்றிலும் புதியதும் அன்று. வணிகர்க்குரிய கணக்கான தன்மையையும் சிக்கனத்தையும் குறிக்கும் ‘செட்டு’ நம்மிடம் நெடுநாளாக உண்டு. ‘கட்டும் செட்டுமாகக் குடித்தனம் நடத்துகிறாள்’ என்று மூதாட்டியர் மெச்சுவதை இன்றும் கேட்கலாம். அந்த வீட்டுத் திண்ணையிலேயே ஆங்கிலச் செட்டும் வந்து அமர்ந்துகொண்டது. இவ்வாறு வந்தமர்ந்த சொற்கள் முன்பும் உண்டு. போர்த்துக்கீசியர் வழிவந்த ‘சாவி’ பூட்டைத் திறக்கிறது. நம் உழவரின் ‘சாவி’ மணி பிடிக்காமல் போன கதிரைக் குறிக்கிறது. ‘சாவி தொலைந்தது’, ‘பயிர் சாவியாய்ப் போயிற்று’ என்னும் இரண்டையும் ஒரே நாளில் ஒருவரே சொல்லக் கூடும். கேட்பவர் தடுமாறுவதில்லை.

ஏன் தடுமாறுவதில்லை? இவ்வினாவே இக்கட்டுரையின் தொடக்கம். நம் வட்டத்தின் கவியரங்குகளில் ஒரு பாடலுள் ஆங்கிலச் சொல் தலைகாட்டினால் அதற்கு நேர்த்தமிழ் யாது என்னும் வினா எழாமல் இருப்பதில்லை. ‘செட்டு’க்குத் ‘தொகுதி’ என்பர் சிலர். ‘இணை’ என்பர் சிலர். ‘அணி’ என்பாரும் உண்டு. பிறமொழிச் சொல்லை நீக்குவதில் எனக்கு மறுப்பேதும் இல்லை. ஒரு சொல்லை எடுத்த இடத்தில் ஒரே சொல்லை வைத்துவிடலாம் என்னும் எண்ணத்தையே மறுக்கிறேன். அவ்வெண்ணம் தமிழ் இலக்கண மரபுக்கே புறம்பானது.

தொல்காப்பியர் செய்யுட்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். அவற்றுள் திரிசொல்லை இருவகையாகக் காட்டினார்: ஒரே பொருளைப் பல சொற்கள் குறிப்பது ஒன்று, ஒரே சொல் பல பொருள்களைக் குறிப்பது மற்றொன்று. இருபதாம் நூற்றாண்டின் மொழியியல் நூல்கள் விரித்துரைக்கும் இருபெரும் பிரிவுகள் ஒரே நூற்பாவில் அடங்கிவிட்டன. அதனினும் வியப்புக்குரியது, பலபொருள் ஒருசொல்லை அவர் மீண்டும் இரண்டாகப் பிரித்ததாகும். தான் கொள்ளும் வினையாலேயே பொருள் வேறுபட்டு விளங்குவது ஒருவகை; வினையால் விளங்காதது மற்றொரு வகை. உரையாசிரியர்கள் ‘மா’ என்னும் சொல்லைக் கொண்டு இதனை விளக்குவர். மா பூத்தது எனின் மரம். மா ஓடிற்று எனின் விலங்கு. மா வீழ்ந்தது எனின் மரமா விலங்கா என்பது தெரியாது. வினையோடு இனமும் சார்பும் நோக்கியே அங்குப் பொருள் கொள்ள வேண்டும்.

இந்த அளவுகோலை நம் ஊர்ச் செட்டின்மேல் வைத்துப் பார்க்கலாம். ‘செட்டு ஓடுகிறது’ என்றால் கிணற்று மோட்டார். ‘செட்டு கட்டுகிறார்கள்’ என்றால் ஒலிபெருக்கி. ‘செட்டு சேர்ந்துவிட்டான்’ என்றால் கூட்டாளிகள். ‘செட்டாகக் குடித்தனம் செய்கிறாள்’ என்றால் சிக்கனம். இவையெல்லாம் வினை வேறுபடுத்தும் பலபொருள் ஒருசொல். ‘செட்டு வந்துவிட்டது’ என்பது மட்டும் வினை வேறுபடுத்தாதது. வந்தது மேளமா மைக்கா என்பதைச் சொல்பவர் கோயில் வாசலில் நிற்கிறாரா, பந்தலடியில் நிற்கிறாரா என்பதை நோக்கித்தான் அறிய வேண்டும். ஈராயிரம் ஆண்டுப் பழமையுடையதாகப் போற்றப்படும் இலக்கணம் நேற்று வந்த சொல்லுக்கும் இவ்வாறு பொருந்துகிறது. மாணாக்கர்க்கு இதனைக் காட்டும்போதெல்லாம் அவர்கள் முதலில் சிரிப்பர். பின்னர்த் தாமே எடுத்துக்காட்டுகளைத் தேடத் தொடங்குவர்.

வினை வேறுபடுத்தாத சொல்லுக்கு நம் ஊர் அம்மனின் பெயரே சான்று. ‘மதுர’ என்பதை மதுரையோடு சேர்த்துப் பொருள் கொள்வோர், மதுரையை எரித்த கண்ணகி இங்கு வந்து சினம் தணிந்தாள் என்று கதை கூறுவர். மதுரம் எனக் கொள்வோர் இனிமையே வடிவான காளி என்பர். திங்களும் வெள்ளியும் மட்டும் நடை திறக்கும் அக்கோயிலில் இரு பொருளுக்கும் ஒரே பூசைதான். எது சரி என்று இதுவரை எவரும் வழக்காடவில்லை!

பொருள்களின் பட்டியல் காலத்தோடு மாறும் என்பதற்குக் ‘கடி’ என்னும் உரிச்சொல்லைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை. தொல்காப்பியம் உரியியலில் அதற்குப் பத்துப் பொருள்களைக் கூறி, அடுத்த நூற்பாவில் இரண்டைச் சேர்த்துப் பன்னிரண்டாக்கும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோன்றிய நன்னூலோ பதின்மூன்று பொருள்களைத் தரும். எண்ணிக்கையில் ஒன்றுதானே வேறுபாடு என்று கடந்துவிடலாகாது. காவல், கூர்மை, புதுமை, விரைவு, அச்சம், சிறப்பு முதலியன இரண்டிலும் உள்ளன. தொல்காப்பியர் கூறிய ஐயமும், முன்தேற்று என்னும் தெளிவிப்பும் நன்னூலில் இல்லை. மணம், திருமணம், ஒலித்தல் ஆகிய மூன்றும் புதியனவாக நுழைந்துள்ளன. பன்னிரண்டில் இரண்டு கழிந்து மூன்று சேர்ந்தால் பதின்மூன்று. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் ஒரு சொல்லின் வீட்டிலிருந்து இருவர் வெளியேற மூவர் குடிபுகுந்த கதை இது. இன்று ‘கடி’ என்றால் நாய்க்கடியும் கொசுக்கடியும் நினைவுக்கு வரும். போதாக்குறைக்கு நகைச்சுவைத் துணுக்குகளிலும் ‘கடி’ உண்டு. அந்தப் பதின்மூன்றுள் ‘கடிமணம்’ ஒன்றே திருமண அழைப்பிதழ்களின் தயவால் பிழைத்திருக்கிறது.

இலக்கணம் சில சொற்களுக்கே இடம் தரவல்லது. எஞ்சியவற்றைக் காக்கும் பொறுப்பு நிகண்டுகளுக்கு வந்தது. அம்பர்ச் சேந்தனின் ஆதரவில் திவாகரர் இயற்றிய திவாகரம் பன்னிரண்டு தொகுதிகளை உடையது. தெய்வம், மக்கள், விலங்கு, மரம், இடம் எனத் தொடங்கிப் பண்பு, செயல், ஒலி வரை முதற் பத்துத் தொகுதிகளும் ஒவ்வொரு பொருளுக்கும் உரிய பல பெயர்களைத் தொகுக்கும். பதினோராம் தொகுதி இதனைத் தலைகீழாக்கி ஒருசொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறும். பன்னிரண்டாவது, ஐம்பூதம், முத்தமிழ் போன்ற தொகைப் பெயர்களை விரிக்கும். ஆங்கிலத்தில் ரோசே என்பவர் சொற்களை அகரவரிசையில் அன்றிக் கருத்து வரிசையில் அடுக்கிப் புகழ்பெற்ற நூல் 1852-இல் வந்தது. வடமொழியின் அமரகோசமும் தமிழின் திவாகரமும் அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அந்நெறியில் நடந்தவை.

திவாகரமும் பிங்கலமும் நூற்பாவால் ஆனவை. சமணராகிய மண்டலபுருடர் தம் சூடாமணி நிகண்டை விருத்தப்பாவில் பாடினார். ஓசை இனிமையால் அது முன்னையவற்றைப் பின்தள்ளித் திண்ணைப் பள்ளிகளின் பாடநூலாயிற்று. அதனுள்ளும் ஒருசொல் பல்பொருட் பெயர்த்தொகுதி ‘பதினோராம் நிகண்டு’ எனத் தனிப்பெயர் பெற்றுத் தனி நூலாகவே அச்சேறியது. அதன் அடுக்குமுறை நோக்கத்தக்கது. சொற்கள் முதலெழுத்தால் அன்றி இரண்டாம் எழுத்தால், எதுகையால் வரிசைப்பட்டிருக்கும். தேடுவோர்க்கு இது தொல்லை. மனப்பாடம் செய்வோர்க்கும் பாட்டெழுதுவோர்க்கும் வரப்பிரசாதம். ஒரு சொல்லை நினைத்தால் அதற்கு எதுகையாகும் பத்துச் சொற்கள் தம் பொருள்களோடு வந்து நிற்கும். காளமேகத்தின் சிலேடைகளைக் கேட்டவுடன் சுவைத்த அவையினர்க்கு இத்தகைய பயிற்சியே செவியைப் பழக்கியிருக்க வேண்டும். இரண்டு பொருளும் கேட்பவர் நெஞ்சில் முன்பே இல்லையேல் இரட்டுற மொழிதல் எங்ஙனம் சுவைக்கும்?

அந்தத் திண்ணைக் கல்வியின் வாடை நம் மண்ணில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இருந்தது. 1855-இல் பிறந்த உ.வே. சாமிநாதையர் தம் இளமையில் அரியலூர்ச் சடகோபையங்காரிடமும், குன்னத்திலும், பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடமும் பாடம் கேட்டதை ‘என் சரித்திரம்’ கூறும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் செல்லும் முன்னரே அவருக்குத் தமிழ்ச் சொற்களஞ்சியத்தின் முதற் பூட்டு இவ்வூர்களில் திறந்தது. பெரம்பலூர் வறண்ட பூமி என்று இகழ்வோர் இதனையும் எண்ணிப் பார்ப்பது நன்று.

நிகண்டு அகராதியாக மாறிய வரலாற்றிலும் நம் வட்டாரத்துக்குப் பங்குண்டு. முதலெழுத்து வரிசையில் சொற்களை அடுக்கிய அகராதி நிகண்டைச் சிதம்பர இரேவண சித்தர் 1594-இல் இயற்றினார். அந்நெறியை முழுமையாக்கியவர் இத்தாலியில் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-இல் பிறந்து வீரமாமுனிவர் எனப் பெயர் பூண்ட பெஸ்கி பாதிரியார். கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள ஏலாக்குறிச்சியே அவர் திருக்காவலூர் எனப் பாடிய ஊர். அவர் 1732-இல் நிறைவேற்றிய சதுரகராதி பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பகுதிகளை உடையது.

இந்நான்கும் எங்கிருந்து வந்தன என்று பார்க்க வேண்டும். பெயரகராதி ஒருசொல்லின் பல பொருள்களைத் தருவது. அது பழைய பதினோராம் தொகுதி. பொருளகராதி ஒருபொருளின் பல பெயர்களைத் தருவது. அது முதற் பத்துத் தொகுதிகளின் சாரம். தொகையகராதி பன்னிரண்டாம் தொகுதி. தொடையகராதியோ எதுகைச் சொற்களின் வரிசை. செய்யுள் இயற்றுவார்க்கென்றே அமைந்தது. மேனாட்டு அகராதியை இங்கு இறக்குமதி செய்தார் என்று அவரைப் பற்றிச் சிலர் எழுதுவது பாதி உண்மையே. அகரவரிசையை முதலெழுத்தோடு நிறுத்தாமல் அடுத்தடுத்த எழுத்துகளுக்கும் கொண்டு சென்ற ஒழுங்கில் மேனாட்டுப் பயிற்சி தெரிகிறது. உள்ளடக்கமோ நிகண்டின் பிள்ளை. தேம்பாவணியைப் பாடிய கவிஞர் ஆதலின், எதுகை தேடித் தவிக்கும் புலவரை அவர் மறக்கவில்லை. அந்நூல் சென்னையில் 1824-இல் அச்சாயிற்று.

சதுரகராதியால் தமிழ் பெற்றது பெரிது. மனப்பாடம் இல்லாதவனும் சொற்பொருள் காணலாம் என்னும் நிலை வந்தது. யாழ்ப்பாணத்து மானிப்பாய் அகராதி 1842-இலும், வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதி 1862-இலும், சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதி ஆறு தொகுதிகளாக 1924 முதல் 1936 வரையிலும் வெளிவந்தன. பேரகராதி 1,04,405 சொற்களைக் கொண்டது; 1939-இல் வந்த பின்னிணைப்பில் மேலும் 13,357. இவற்றின் பெருமையைப் பலரும் எழுதியிருத்தலின் விரிக்கவில்லை.

இழந்ததைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஒருபொருட் பன்மொழிகளை வரிசையாக அடுக்கும்போது அவையெல்லாம் ஒத்த நிறையுடையன போலத் தோன்றிவிடுகின்றன. கடலுக்குரிய பெயர்களையே கொள்ளுங்கள். பரந்திருத்தலால் பரவை, ஆழத்தால் ஆழி, ஆரவாரத்தால் ஆர்கலி, அலைகள் ஒன்றையொன்று புணர்தலால் புணரி. எதுகைக்கு ஏற்றது எதுவோ அதனை எடுத்து வைக்கும் கவிஞர், அமைதியாகக் கிடக்கும் கடலை ஆர்கலி என்று பாடிவிடுகிறார். இக்குறை அகராதிக்கு முன் நிகண்டிலேயே தொடங்கியது. மரபைப் போற்றுவதற்காக இதனை மறைத்தல் வேண்டா. கடல் நமக்குத் தொலைவு என்றால் ஏரியைப் பாருங்கள். ஏரி, குளம், குட்டை என்னும் மூன்றும் நீர்நிலையின் பெயர்கள்தாம். ஆயினும் மதகு வைத்து வயலுக்குப் பாய்வதை ஏரி என்றும், கோயிலை ஒட்டிப் படிகட்டியதைக் குளம் என்றும், மாடு இறங்கும் பள்ளத்தைக் குட்டை என்றும் நம் உழவர் பிரித்தே வழங்குகின்றனர். ‘குட்டை உடைந்து ஊர் அழிந்தது’ என்று ஒரு கவிதையில் எழுதினால் இங்குள்ள சிறுபிள்ளையும் நகைக்கும்.

இனி, பட்டியலில் இருந்தும் வழக்கில் இல்லாது போகும் பொருள்களின் நிலை. ‘கவலை’ என்னும் சொல்லுக்கு மனவருத்தம், பிரிந்து செல்லும் வழி, ஒருவகைக் கிழங்கு, கிணற்றில் நீரிறைக்கும் ஏற்றம் எனப் பொருள்கள் உண்டு. கடைசியாகக் கூறியதைக் கமலை என்றும் வழங்குவர். மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்தில் அதனைச் சுற்றி ஒரு சொற்குடும்பமே வாழ்ந்தது: சால், வடம், வால்கயிறு, உருளை, மாடு பின்வாங்கி முன்செல்லும் சரிவான வாரி. மின்சாரம் வந்தது, பம்புசெட்டு வந்தது. மாடுகளின் உழைப்பு குறைந்தது நன்மையே. ஆனால் செட்டு இறங்கிய கிணற்றிலிருந்து கவலை ஏறிப் போயிற்று. அதனோடு அச்சொற்குடும்பமும் போயிற்று. இன்று ‘கவலை ஓட்டினார்’ என்னும் தொடரை வகுப்பில் எழுதினால், துன்பத்தை விரட்டினார் என்றே மாணாக்கர் உரை எழுதுகின்றனர். தொல்காப்பியர் கூறிய வினை அங்கு இருக்கிறது. இனமும் சார்பும் போய்விட்டன. அகராதியில் எண்ணிட்டு அச்சாகியிருந்தும் அப்பொருள் அவர்களுக்கு இல்லை. நம் வட்டத்துக் கவிஞர்களுள் கவலை ஓட்டிய கையுடையோர் சிலர் இன்னும் இருக்கின்றனர். ‘செட்டு’ என்பதை நீக்க வேண்டுமா என்று நாம் வாதிடும் நேரத்தில் அவர்கள் பாடல்களில் அந்தச் சாலும் வடமும் ஏறட்டும் என்பதே என் வேண்டுகோள்.

ஒரு சொல்லுக்கு ஒரே சொல் என்னும் முயற்சி எங்ஙனம் முடியும் என்பதற்கு, மீண்டும் ‘செட்’டுக்கே வருவோம். கணிதத்தில் அதற்குத் திட்டமான பொருள் ஒன்றே உண்டு. ஆகவே மொழிபெயர்ப்பு எளிது என்று தோன்றும். தமிழகப் பாடநூல்கள் ‘கணம்’ என்றன. ஒன்பதாம் வகுப்புக் கணிதத்தில் ‘கண மொழி’ என்றே ஓர் இயல் உண்டு. இலங்கைப் பாடநூல்கள் ‘தொடை’ என்றன. கணம் என்பது கூட்டம், சிவனைச் சூழ்ந்த பூதகணம், நொடிப்பொழுது, குழந்தைகளுக்கு வரும் நோய். தொடை என்பதோ தொடுத்த மாலை. மோனையும் எதுகையும் அமையும் செய்யுள் உறுப்பு. நம் உடலின் ஓர் உறுப்பு. பலபொருள் ஒருசொல் ஒன்றைத் தமிழாக்கப் புகுந்து, கடலுக்கு இக்கரையில் ஒன்றும் அக்கரையில் ஒன்றுமாகப் பலபொருள் ஒருசொற்கள் இரண்டைப் பெற்றோம். இரு கரையிலும் கணக்குப் பிழையாகவில்லை. ‘வெற்றுக் கணம்’ என்று படிக்கும் பெரம்பலூர்ச் சிறுமி அதனைப் பொழுது போகாத நொடி என்று கொள்வதில்லை. யாழ்ப்பாணத்து மாணவன் ‘தொடையின் மூலகங்கள்’ என்பதைப் படித்து யாப்பிலக்கணத்தைத் தேடுவதுமில்லை. வீரமாமுனிவர் தம் நான்காம் பகுதிக்குச் சூட்டிய பெயர், எதுகை தேடும் புலவர்க்கென இருந்தது, இன்று யாழ்ப்பாணத்துக் கணித வகுப்பில் கரும்பலகையில் எழுதப்படுகிறது.